பழைய எண்ணில் புதிய தராசு

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் குழந்தைகள் இளைத்துவிடுகிறார்கள் என்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தார்.

வேடிக்கைக்கு எழுதியதல்ல. காலையில் முதலில் வரும் குழந்தைகளின் எடை சரியாக இருக்கிறது. இடைவேளை முடிந்து நிறுத்தால் ஒவ்வொரு குழந்தையும் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. தராசின் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினால் அதே குழந்தை தேறிவிடுகிறது. ‘எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, குழந்தைகளைத் தெரியும். எந்தக் குழந்தையும் ஒரு மணி நேரத்தில் முந்நூறு கிராம் இறங்காது. தராசு செய்தவர்களிடம் இரண்டு தரம் முறையிட்டேன். அவர்கள் உங்களைக் கேட்கச் சொன்னார்கள்’ என்று முடித்திருந்தார்.

கடிதம் மெயிலில் வந்த நேரம் காலை ஒன்பது மணி. வெளியே மூன்றாவது நாளாக மழை. பொடிசு மாடியறையில் சன்னல் இடுக்கில் பழைய துண்டைத் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டில் கடைசியாகப் பிறந்தவள், பிறந்தபோது கையளவு இருந்தாள் என்று அண்ணன் வைத்த பெயர் அது. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளோடு வேலை செய்கிறவர்கள்வரை அதுவே நிலைத்துவிட்டது.

அவள் வேலை என்னவென்று தெருவில் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பராமரித்தார்கள். அதில் யுஎஸ்பி துளையில் செருகும் சாமான்களைக் கவனிக்கும் பகுதி அவளுடையது. அந்தச் சாமான்களுக்கென்று தலையணை கனத்தில் ஒரு விதிப்புத்தகம் உண்டு. செருகியதும் தன்னைச் செய்தவர் யார், தான் என்ன சாமான், எத்தனையாவது பதிப்பு என்று எண்களைச் சொல்ல வேண்டும். தூங்கச் சொன்னால் தூங்க வேண்டும், எழுப்பினால் ஒழுங்காக எழுந்திருக்க வேண்டும். செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கிப் போனவர் என்ன பாவம் செய்தார்? அதற்காகத்தான் விலக்குப் பட்டியல் என்று ஒன்று இருந்தது. இந்த பிரிண்டர் எழுந்ததும் ஒரு நொடி பொறு. இந்த கேமரா தூங்கினால் எழாது, தூங்கவிடாதே. இந்த கீபோர்டு பெயரைக் கேட்டால் திகைத்து நிற்கும், கேட்காதே. இப்படி ஆயிரத்துச் சொச்சம் வரிகள். அவற்றில் நானூறு வரிகள் பொடிசு எழுதியவை.

ஒரு வரி அண்ணனுடைய தராசுக்கு.

கீழ்த்தளம் முழுவதும் அண்ணனின் பட்டறை. கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு செய்தான். வெள்ளைத் தட்டு, அடியில் ஒரு சர்க்யூட் போர்டு, அதிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்கு. எடை நேராகக் குழந்தையின் பக்கத்தில் பதிவாகிவிடும், கையால் எழுத வேண்டியதில்லை. அண்ணி கடைசி மேசையில் உட்கார்ந்து பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, தராசு சொல்வதைச் சரிபார்த்து, பதிப்பு எண்ணை அடித்து, அட்டைப்பெட்டிக்குள் தள்ளுவாள். ஒரு நாளைக்கு இருபது ஆகும். பற்றவைக்கும் ஈயத்தின் வாசனை படியேறி மாடிவரை வரும். சாப்பாட்டில்கூட அந்த வாசனை இருப்பதாகப் பொடிசு சொல்வாள். வேண்டுமானால் தனியாகச் சமைத்துக்கொள் என்று அண்ணி சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தராசில் ஒரு கோளாறு தெரிந்தது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டதில் கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தால், தராசு கடைசியாகச் சொன்ன எடையையே திரும்பத் திரும்பச் சொன்னது. அண்ணன் முகம் வாடி மாடிக்கு வந்தான். அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் தராசுகள் கிளினிக்குகளுக்குப் போய்விட்டன. பொடிசு ஒரு வரி எழுதினாள்: இந்தத் தராசு எழுந்ததும் ஒரு தரம் முதலிலிருந்து தொடங்க வை. பட்டியலின் மொத்தப் பொறுப்பும் ஒரு பெரியவரிடம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கடிதத்தில் மட்டும் அவரைத் தெரியும். அவர் வழக்கம்போலக் கேட்டார்: ‘தயாரிப்பாளர் அடுத்த பதிப்பில் சரிசெய்வாரா?’ பொடிசு எழுதினாள்: ‘செய்வார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.’

அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அவள் வேறு யாருக்காகவும் எழுதியதில்லை.

நர்ஸின் கடிதத்தோடு இன்னொரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. தராசுக் கம்பெனி அவருக்கு அனுப்பிய பதில். பொடிசு அதைத் திறந்தாள். மேலே அண்ணி வரைந்த குழந்தைப் படம், கம்பெனியின் முத்திரை.

‘எங்கள் தராசில் குறை ஏதுமில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் எங்கள் தராசுக்கென்று சேர்க்கப்பட்டிருக்கும் ஒரு வரியே காரணம். அதை எழுதியவரைக் கீழ்க்கண்ட முகவரியில் அணுகவும்.’

கீழ்க்கண்ட முகவரி அவளுடையது. அடியில் அண்ணனின் கையெழுத்து. தேதி மூன்று மாதத்துக்கு முந்தியது.

மூன்று மாதமாக அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறாள். அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. எங்கேயோ தவறு, வேறு யாரோ அவன் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. நர்ஸின் எண்ணுக்கு போன் போட்டாள்.

“அந்தத் தராசு எப்ப வந்ததுங்க?”

“அஞ்சு மாசம் இருக்கும். முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, அதுல எந்தத் தொல்லையும் இல்ல. அதைப் பக்கத்து கிளினிக்குக்குக் கொடுத்துட்டு எங்களுக்குப் புதுசு கொடுத்தாங்க. புதுசுதான் இப்படிப் படுத்துது.”

“கம்ப்யூட்டர்ல தராசு பேருக்குப் பக்கத்துல ஒரு பதிப்பு எண் காட்டும். கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “ஒண்ணு புள்ளி ரெண்டு.”

“மூணு இல்லையா? நல்லாப் பாருங்க.”

“கண்ணாடி போட்டுட்டுத்தான் பாக்கறேன். ரெண்டுதான்.”

ஒன்று புள்ளி இரண்டு பழைய தராசின் எண். பொடிசு போனை வைத்தாள். ஒரு காலை நேரம் நினைவுக்கு வந்தது. எட்டு மாதம் இருக்கும். அண்ணன் முட்டையை உரித்துக்கொண்டே கேட்டான்: “பொடிசு, உன் பட்டியல் எப்படிக் கண்டுபிடிக்குது, இது பழைய தராசு, இது புதுசுன்னு?” அவள் வாயில் ரொட்டியோடு சொன்னாள்: “பதிப்பு எண்ணை வச்சுத்தான். புதுசுக்கு மூணுன்னு போட்டுடு, அப்ப என் வரி அதைத் தொடாது.” “அப்ப ரெண்டுன்னே இருந்தா?” “இருந்தா பழசுன்னு நினைச்சுக்கும். தராசு சொல்றதை நம்பறதைத் தவிர அதுக்கு வேற வழி கிடையாது.” அவன் தலையாட்டிவிட்டு உப்பைக் கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் கீழே இறங்கினாள். அண்ணன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தான். அண்ணி மட்டும் கடைசி மேசையில் இருந்தாள். கூரைத் தகரத்தில் மழை அடித்ததால் பொடிசு கிட்டே போய் நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

“அண்ணி, புதுத் தராசு ரெண்டு கொடுங்க. பழசு ஒண்ணு.”

“எதுக்கு?”

“நிறுத்துப் பாக்கணும்.”

அண்ணி எடுத்து வைத்தாள். பொடிசு தன் மடிக்கணினியில் புதியதைச் செருகி ஐந்து கிலோக் கல்லை வைத்தாள். ஐந்து கிலோ காட்டியது. கணினியைத் தூங்க வைத்து எழுப்பினாள். நாலு கிலோ அறுநூற்று ஐம்பது. இரண்டாவது தராசிலும் அதே. பழையதில் தூங்கி எழுந்த பிறகும் ஐந்து கிலோ. அண்ணி கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொடிசுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் போர்டை மாற்றியிருக்கிறான். புதிய போர்டும் தூங்கினால் ஒழுங்காக எழுவதில்லை. பழைய எண்ணைச் சொன்னால் அவளுடைய வரி அதையும் முதலிலிருந்து தொடங்க வைத்து எழுப்பிவிடும், வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக ஓடும். ஆனால் அப்படித் தொடங்கும்போது புதிய போர்டு, அண்ணி கல் வைத்துக் கல் வைத்துச் சரிபார்த்த கணக்கையெல்லாம் மறந்துவிடுகிறது. கம்பியைப் பிடுங்கிச் செருகினால்தான் அது திரும்ப நினைவுக்கு வருகிறது. கிலோவுக்கு எழுபது கிராம் குறைத்துச் சொல்கிறது. தராசைச் செய்தது அண்ணன்தான். ஆனால் கிளினிக்குகளில் ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் அதைப் பொய் சொல்ல வைத்தது அவள் எழுதிய வரி.

“அண்ணி, இதுல பதிப்பு எண் அடிக்கிறது யாரு?”

“நான்தான். உனக்குத் தெரியாதா?”

“மூணுன்னு அடிக்கச் சொல்லலையா அவன்?”

அண்ணி கல்லை எடுத்துப் பெட்டிக்குள் அதன் குழியில் வைத்தாள். “முதல் நாள் மூணுதான் அடிச்சேன். பத்துத் தராசு. தூங்கி எழுந்ததும் எல்லாம் செத்துப் போச்சு. உங்க அண்ணன் வந்து ரெண்டுன்னு அடின்னாரு. அடிச்சேன், உடனே ஓடுச்சு. போர்டுக்காரன் திருத்தித் தர ரெண்டு மாசம் ஆகும்னான், அதுவரைக்கும்னு சொன்னாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.”

“உனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நினைச்சேன்.”

“நெஜமாவா அண்ணி?”

அண்ணி அடுத்த கல்லை எடுத்துத் துடைத்தாள். “மொதல்ல அப்படித்தான் நினைச்சேன்” என்றாள். “அப்புறம் அந்த நர்ஸம்மா கடுதாசி வந்துச்சு. இவர் பதில் எழுதினதைப் படிச்சேன். அப்பத் தெரிஞ்சுபோச்சு உனக்குத் தெரியாதுன்னு. எடை குறையறது உன் வரியாலதான்னு அவரு அடிச்சுச் சொன்னாரு, நானும் நம்பினேன். தினம் மத்தியானம் மாடிக்கு சாப்பாடு எடுத்துட்டு வர்றப்ப சொல்லிடலாம்னு வருவேன். நீ எதையாவது சிரிச்சுப் பேசுவே. வாய் வராது.”

இருபது வருஷமாகக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி போட்டவள் அண்ணி. அவள் மேல் கோபப்படத்தான் பொடிசு முயன்றாள். முடியவில்லை.

அண்ணன் மதியம் நனைந்து வந்தான். எப்போதும் போல வாசலிலேயே சத்தம் போட்டான்: “அடுப்பில என்ன இருக்கு, ஆளை அடிக்கிற பசி.” பிறகுதான் மேசையில் தராசுகளையும் தங்கையையும் பார்த்தான். அவள் அவன் எழுதிய பதிலை அச்செடுத்து வைத்திருந்தாள்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே படித்தான். துவட்டி முடிந்த பிறகும் துண்டை இறக்கவில்லை.

“சும்மா ஒரு பதில் கொடுத்தது இது. நீதான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடுவேன்னு…”

“என் வரிதான் காரணம்னு எழுதியிருக்கே.”

“அது பொய்யில்லையே. உன் வரியாலதானே குறையுது.”

“பழைய தராசுக்கு எழுதின வரி அது, அண்ணா. நீ புதுசுக்குப் பழைய பேரைச் சொல்லிக் கொடுத்திருக்கே.”

“எல்லாரும் செய்யறதுதான். நீயே எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கே, அவன் அடுத்தவன் எண்ணைத் திருடினான், இவன் விதியே படிக்கலன்னு. அவனுங்களுக்கெல்லாம் வரி எழுதித் தர்றே. சொந்த அண்ணனுக்கு ரெண்டு மாசம் பொறுக்க மாட்டியா?”

“கேட்டிருந்தா எழுதியிருப்பேன். இந்தப் போர்டைத் தூங்கவிடாதேன்னு ஒரே ஒரு வரி. அரை நாள் வேலை. எடையும் குறைஞ்சிருக்காது.”

அண்ணன் துண்டை நாற்காலியில் போட்டான். “கேட்டா நீ திட்டுவே. போன தடவையே, இது கடைசி, அடுத்ததைச் சரியாச் செய்னு சொன்னே. எத்தனை தரம் உங்கிட்ட வந்து நிக்கிறது?”

“அதுக்குப் பதிலா சாப்பிடறப்ப வாயைக் கிண்டித் தெரிஞ்சுகிட்டே.”

“சும்மா கேட்டேன் அன்னிக்கு.”

“சும்மாவா?”

பொடிசு பன்னிரண்டு வயதில் முதல் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தது அவனோடுதான். திருகாணியைக் கழற்றியதும் வரிசை மாறாமல் தட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்தவன் அவன். அந்த மனிதனை இவன் முகத்தில் தேடிப் பார்த்தாள். அவன் தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பகல் முழுதும் அவள் பட்டறையிலேயே இருந்தாள். பொய் எண் சொல்லும் தராசுகளைப் பழையவற்றிலிருந்து பிரிக்க வேறொரு அடையாளம் வேண்டும். அண்ணி பெட்டி பெட்டியாகத் திறந்து கொடுத்தாள், இவள் செருகிச் செருகிப் பார்த்தாள். நாலு மணிக்குக் கிடைத்தது. தன்னைப் பற்றிய விவரத்தைச் சொல்லும்போது புதிய போர்டு கடைசியில் இரண்டு வெற்று எழுத்துகளைக் கூடுதலாக அனுப்பியது. விதிப்படி அதுவும் தவறுதான். பழையது அப்படி அனுப்பவில்லை. அதை வைத்து இரண்டாவது வரியை எழுதினாள்: வெற்று எழுத்து வந்தால் இதை முதலிலிருந்து தொடங்காதே, தூங்கவும் விடாதே. ஐந்து கிலோக் கல்லை வைத்துக் கணினியை முப்பது தடவை தூங்க வைத்து எழுப்பினாள். முப்பது தடவையும் ஐந்து கிலோ.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், அழியாமல் இருக்கும். அவள் எழுதுவதை அண்ணன் பின்னால் நின்று படித்தான்.

“ஏதோ கோளாறுன்னு எழுதேன். தெரிஞ்சே பழைய எண் போட்டாங்கன்னு ஏன் எழுதறே?”

“தெரிஞ்சேதானே போட்டே.”

“ஒரு கிளினிக் விடாம இதைப் படிப்பாங்க. பட்டறையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். உங்க அண்ணி கை வலிக்க வலிக்கக் கல் வச்சு நிறுத்த தராசு இதெல்லாம்.”

“என்னை இழுக்காதீங்க” என்றாள் அண்ணி தன் மேசையிலிருந்து. அவ்வளவு நேரத்தில் அவள் கணவனிடம் பேசியது அது ஒன்றுதான்.

பொடிசு எழுதினாள்: தயாரிப்பாளர் புதிய போர்டுக்குத் தெரிந்தே பழைய எண்ணைக் கொடுத்திருக்கிறார். எடை குறைவாகப் பதிவாகியிருக்கிறது. தயாரிப்பாளர் என் அண்ணன். புதிய தராசை வாங்கிச் சோதிக்காமல் அவர் பேச்சை நம்பியது என் தவறு.

பெரியவரின் பதில் மறுநாள் காலை வந்தது. ‘சேர்த்தாயிற்று. உன் பழைய வரிகள் நானூறையும் இன்னொருவர் சோதிப்பார். அதுவரை நீ புது வரி எதுவும் எழுத வேண்டாம். வருத்தமாக இருக்கிறது.’ பன்னிரண்டு வருஷத்தில் அவர் தன் மனநிலையைப் பற்றி எழுதிய ஒரே வாக்கியம் அது. பொடிசு அதை இரண்டு முறை படித்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

வரி சேர்ந்துவிட்டாலும் அது கிளினிக்குகளின் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை? புதிய தராசு நூற்று அறுபத்து மூன்று இடங்களுக்குப் போயிருந்தது. அண்ணி பெயர்களையும் எண்களையும் தாளில் எழுதிக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தாள். ஒவ்வொரு குழந்தையை நிறுக்கும் முன்னாலும் கம்பியைப் பிடுங்கிச் செருகுங்கள், ஐந்து மாதமாக எடை குறைந்ததாகக் காட்டிய குழந்தைகளை மறுபடி கூப்பிட்டு நிறுத்துப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். தானும் பாதிப் பேரிடம் பேசுவதாக அண்ணன் சொன்னான். பொடிசு வேண்டாம் என்று சொல்லவில்லை. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து போனில் பேசினார்கள். ஆறிப்போன சூப்பை யாரும் தொடவில்லை. சில இடங்களில் திட்டினார்கள். சில இடங்களில் நன்றி சொன்னார்கள், திட்டை வாங்கிக்கொள்வதைவிட அது கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் பத்து மணிவாக்கில் கடிதம் எழுதிய நர்ஸே கூப்பிட்டார். குழந்தைகளைத் திரும்ப நிறுத்துக்கொண்டிருந்தார்.

“இங்க ஒரு அம்மா உங்ககிட்ட நேராப் பேசணுங்கறாங்க. குழந்தைக்கு நாலு மாசம். ரெண்டு தடவை எடை குறைஞ்சிருக்குன்னு நாங்கதான் சொன்னோம். கொடுக்கட்டுமா?”

“கொடுங்க.”

போன் கைமாறியது. சின்ன வயதுக் குரல். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“இப்ப நிறுத்தப்போ ஆறு கிலோ இருக்கான். அப்ப அவன் குறையவே இல்லையாங்க?”

“குறையலம்மா. தராசு தப்பாச் சொல்லியிருக்கு.”

“என் பால் பத்தலன்னு சொன்னாங்க. பவுடர் கொடுங்கன்னாங்க. நான் ரெண்டு மாசமா பவுடர்தான் கொடுக்கறேன்.”

பொடிசு கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

“பாலு நின்னுபோச்சுங்க இப்ப. அது பத்தாமதான் இருந்துச்சா, இல்ல பத்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க. எங்க வீட்ல எல்லாரும் என்னைத்தான் பேசினாங்க.”

பொடிசு போனைக் காதிலிருந்து எடுத்தாள். எதிரில் அண்ணன் தாளில் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவன் முன்னால் வைத்தாள். “இவங்களுக்கு நீ சொல்லு” என்றாள்.

“யாரு?”

“ஒரு குழந்தையோட அம்மா. அவங்க பால் பத்துச்சா பத்தலையான்னு கேக்கறாங்க.”

அவன் போனையே பார்த்தான். அதற்குள் அந்தப் பெண் மறுபடி கேட்டாள்: “இருக்கீங்களா? எதனால தப்பாச் சொல்லுச்சுங்க?”

அண்ணன் போனை நோக்கிக் குனிந்தான். குரல் நன்றாகத்தான் வந்தது, கிளினிக்குகளில் பேசும் அதே இனிமையான குரல். “அம்மா, தராசு செஞ்ச கம்பெனியிலேர்ந்து பேசறேன். கம்ப்யூட்டர்ல ஒரு அப்டேட் வந்ததும்மா, அதுல வந்த பிரச்சினை. எங்க கையில இல்லாத விஷயம்…”

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பொடிசு கையை நீட்டிப் போனை எடுத்துக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை.

“அவரு சொன்னது உண்மையில்லம்மா” என்றாள். “தெரிஞ்சே தப்பான தராசை அனுப்பிட்டோம். அவரு என் அண்ணன். பதிமூணு வாரத்துக்கு முன்னாடியே அவருக்கு முறையீடு வந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கலாம், சொல்லல. உங்க பால் பத்துச்சு. குழந்தை நல்லாத்தான் வளந்திருக்கு. உங்க வீட்ல யாராவது பக்கத்துல இருந்தா கொடுங்க, அவங்ககிட்டயும் நானே சொல்றேன்.”

மறுமுனையில் குழந்தை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், “இருங்க, மாமியாரைக் கூப்பிடறேன்” என்றாள்.

பொடிசு காத்திருந்தாள். அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, மழைக்கு நடுவே வெளியே போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.